குழந்தை வளர்ச்சி படிக்கலாமா? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

+2 முடிவு வந்ததும் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கத்துப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். நான் மனையியலில், குழந்தை வளர்ச்சியைச் சொல்லித் தரும் கிளையான மனித மேம்பாடு படித்தவள். இப்போது மலையில் சின்னக் குழந்தைகளோடு வேலை. போனில் திரும்பத் திரும்பச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கொடைக்கானல் பக்கத்திலிருந்து கேட்பவர்களுக்கும் இதில் பதில் உண்டு.

பிள்ளை வளர்ப்பதை எங்கள் பாட்டியே சொல்லித் தருவார். அதற்கு மூன்று வருடப் பட்டம் எதற்கு?

பாட்டிக்குத் தெரிந்தது நிறைய. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் பார்த்தது தன் வீட்டிலும் தெருவிலும் வளர்ந்த பிள்ளைகளை. படிப்பு கேட்கும் கேள்விகள் வேறு. எந்தத் திறன் எந்த வயதில் வருகிறது? ஏன் அந்த வரிசையில் வருகிறது? ஒரு குழந்தைக்கு முந்தியும் இன்னொரு குழந்தைக்குப் பிந்தியும் வந்தால் அதில் எது இயல்பு, எதற்குக் கவலைப்பட வேண்டும்? வீடும் ஊரும் வருமானமும் அதில் எவ்வளவு தூரம் கை வைக்கின்றன?

இந்த ஆர்வம் தமிழுக்குப் புதிதும் இல்லை. +2 தமிழில் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை மனப்பாடம் செய்திருப்பீர்கள். செங்கீரை ஐந்தாம் மாதம்: குழந்தை குப்புறக் கிடந்து கையை ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடும். சப்பாணி ஒன்பதாம் மாதம்: உட்கார்ந்தபடி இரண்டு கையையும் சேர்த்துத் தட்டும். வருகை பதின்மூன்றாம் மாதம்: தளர்நடை போட்டு வரும். அம்புலி பதினைந்தாம் மாதம்: நிலாவைக் காட்டினால் காட்டிய திசையில் பார்க்கும், தானும் கை நீட்டும். இப்போது மருத்துவமனையில் ஒட்டியிருக்கும் வளர்ச்சி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாதக் கணக்கு பெரிதாக முரண்படாது. அந்தப் புலவர்கள் குழந்தைகளை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள்.

ஆய்வு இதோடு சேர்ப்பது வீச்சு என்ற விஷயத்தை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டது. தனியாக நடப்பதற்கான கால வீச்சு 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை. பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதம் வரை. நூற்றுக்கு நான்கு பேர் தவழவே இல்லை, நேராக எழுந்து நடந்துவிட்டார்கள். பக்கத்து லைன் வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்துவிட்டதே என்று அழும் அம்மாவுக்கு இந்த ஒரு தகவல் போதும். அதே நேரம் பதினெட்டு மாதம் தாண்டியும் நடக்காத குழந்தையை ‘பெரியப்பாவும் லேட்டாகத்தான் நடந்தார்’ என்று விட்டுவிடக் கூடாது என்பதும் அதே எண்களிலிருந்துதான் தெரிகிறது.

விண்ணப்பத்தில் ‘குழந்தை வளர்ச்சி’ என்று ஒரு படிப்பே காணோமே?

தமிழ்நாட்டில் இளநிலையில் அந்தப் பெயரோடு நேராகக் கிடைப்பது அரிது. மனையியல் என்ற பெயரில் தேடுங்கள். பி.எஸ்சி. மனையியலில் ஐந்து கிளைகள் உண்டு: உணவும் ஊட்டச்சத்தும், துணியும் ஆடையும், குடும்ப வள மேலாண்மை, விரிவாக்கக் கல்வி, மனித மேம்பாடு. கடைசியாகச் சொன்னதுதான் நமக்கு வேண்டியது. கல்லூரிக்குக் கல்லூரி அதற்குக் கிடைக்கும் இடம் மாறும். சில இடங்களில் இரண்டே தாள், சில இடங்களில் தனித் துறையே உண்டு. சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கி, குழந்தை பற்றிய தாள்கள் எத்தனை, செய்முறை எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பாருங்கள். கல்லூரியின் விளம்பரத் தாளைவிட இந்த எண்ணிக்கை உண்மை பேசும்.

மனையியல் கிடைக்கவில்லையென்றால் பி.எஸ்சி. உளவியலும் பி.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணிப் பட்டமும் பக்கத்து வழிகள். அங்கிருந்து முதுகலையில் இந்தத் துறைக்குத் திரும்பலாம்.

மலையை விட்டு இறங்காமல் படிக்க முடியுமா?

உதகையில் 1955இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. உதகையிலும் குன்னூரிலும் பெண்கள் கல்லூரிகள் உண்டு. பழனி மலைப் பக்கம் கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் 1984இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். இவற்றின் இந்த வருடப் பாடப்பட்டியலில் மேலே சொன்ன மூன்றில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், வீட்டிலிருந்து போய்வரும் வசதியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

குழந்தை வளர்ச்சியே வேண்டும் என்று உறுதியாக இருந்தால் கீழே இறங்கத்தான் வேண்டும். நீலகிரிக்கு மிக அருகில் இருப்பது கோவை மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள அவினாசிலிங்கம் மனையியல் நிறுவனம். 1957இல் தி. சு. அவினாசிலிங்கம் பெண்களுக்காகத் தொடங்கியது, 1988 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். மனித மேம்பாட்டுக்கென்றே தனித் துறை அங்கே உண்டு. கொடைக்கானல்காரர்களுக்கு வத்தலக்குண்டு வழியாக இறங்கினால் காந்திகிராம் கிராமியப் பல்கலைக்கழகம் பக்கம். 1956இல் தொடங்கிய நிறுவனம், மனையியல் துறை உண்டு, ஆண் பெண் இருபாலரும் படிக்கலாம். சென்னை வரை போகத் துணிந்தால் ராணி மேரிக் கல்லூரி, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி இரண்டிலும் மனையியலுக்கு நீண்ட மரபு இருக்கிறது.

‘கோயம்புத்தூர்தானே, தினமும் போய்வரட்டும்’ என்று சில அப்பாக்கள் கணக்குப் போடுகிறார்கள். வேண்டாம். ஐப்பசி மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் அன்றைக்குப் பாடமும் இல்லை, தேர்வும் இல்லை. ஹாஸ்டல் செலவையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

+2வில் எந்தக் குரூப் எடுத்திருக்க வேண்டும்?

உயிரியல் குரூப் இருந்தால் எங்கும் கதவு திறந்திருக்கும். மனையியலைத் தொழிற்பாடமாகப் படித்தவர்களையும் பல கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன. காமர்ஸ் எடுத்தவர்களுக்கு உளவியலும் சமூகப்பணியும் எளிது.

மூன்று வருடமும் என்ன படிப்போம்?

முதல் வருடம் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். குழந்தையே கண்ணில் படாது. உடலியங்கியல், ஊட்டச்சத்து, கொஞ்சம் வேதியியல், பொதுத்தமிழ், ஆங்கிலம். பொறுத்துக்கொள்ளுங்கள். கருவில் இருக்கும் குழந்தையின் மூளைக்கு அயோடின் ஏன் வேண்டும், ரத்தசோகை உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தை ஏன் எடை குறைவாக இருக்கிறது என்பதெல்லாம் தெரியாமல் வளர்ச்சியைப் பேச முடியாது.

அதற்குப் பிறகு சூடு பிடிக்கும். குழந்தை எப்படிக் கற்கிறது என்று ஆராய்ந்த பியாஜே, வைகாட்ஸ்கி இருவரும் 1896இல் பிறந்தவர்கள். ஒருவர் சுவிட்சர்லாந்தில் தன் மூன்று பிள்ளைகளைத் தொட்டிலிலிருந்தே பார்த்துப் பார்த்துக் குறிப்பெழுதினார், 84 வயது வரை இருந்தார். மற்றவர் ரஷ்யாவில் காசநோயில் 37 வயதில் போய்விட்டார். குழந்தை தானே உலகத்தைச் சோதித்துக் கற்கிறது என்றார் முதலாமவர். பக்கத்தில் இருக்கும் பெரியவரும் மொழியும் சேர்ந்துதான் கற்பிக்கின்றன என்றார் இரண்டாமவர். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை, பரீட்சையில் கட்டாயம் வரும். அப்புறம் குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையே உருவாகும் பிணைப்பு பற்றி பௌல்பி, எயின்ஸ்வொர்த். வாழ்நாளை எட்டுக் கட்டமாகப் பிரித்த எரிக்சன். குழந்தையைச் சுற்றி வீடு, பள்ளி, ஊர், அரசு என்று வளையம் வளையமாகப் பார்த்த பிரான்ஃபென்பிரன்னர்.

பியாஜேயின் சோதனை ஒன்றை இன்றைக்கே வீட்டில் செய்து பாருங்கள். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். நான்கு வயதுக் குழந்தையிடம் காட்டி, இரண்டும் சமம்தானே என்று ஒப்புக்கொள்ள வையுங்கள். பிறகு அதன் கண் முன்னாலேயே ஒன்றை ஒல்லியான உயரமான கிளாஸில் மாற்றுங்கள். எதில் அதிகம் என்று கேட்டால் பெரும்பாலும் உயரமான கிளாஸைத்தான் காட்டும். ஆறு, ஏழு வயது ஆனதும் அதே குழந்தை ‘ஊத்தினதுதானே, எப்படி மாறும்?’ என்று நம்மைத் திருப்பிக் கேட்கும். யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே நடுவில் என்ன நடந்தது? அந்தக் கேள்வியில் உங்களுக்குச் சுவாரசியம் தட்டினால் இந்தப் படிப்பு உங்களுக்குப் பிடிக்கும். தட்டவில்லையென்றால் மூன்று வருடம் நீளமாகத் தெரியும்.

புள்ளியியலும் ஒரு தாள் உண்டு. கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வருபவர்கள் அங்கேதான் மாட்டுவார்கள்.

எல்லாம் வெள்ளைக்காரக் குழந்தைகளைப் பார்த்து எழுதியது. நம் எஸ்டேட் பிள்ளைக்கு அது பொருந்துமா?

நல்ல கேள்வி, வகுப்பிலும் இதைக் கேளுங்கள். உளவியல் ஆய்வுகளில் பெரும்பகுதி மேலை நாட்டு, படித்த, வசதியான மக்களை மட்டும் வைத்துச் செய்யப்பட்டது என்ற விமர்சனம் 2010க்குப் பிறகு அந்தத் துறைக்குள்ளேயே பலமாக எழுந்தது. அதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் போடவும் முடியாது. எயின்ஸ்வொர்த் தன் பிணைப்பு ஆய்வை முதலில் தொடங்கியது அமெரிக்காவில் அல்ல. 1954இல் உகாண்டாவின் கிராமங்களில் 26 குடும்பங்களின் வீட்டுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் உட்கார்ந்து கவனித்தார். பரிசோதனைக் கூடத்துக்கு வந்தது பிறகுதான்.

இந்தியாவிலேயே செய்த வேலையும் இருக்கிறது. பரோடாவில் நம் குழந்தைகளை வைத்து உருவாக்கிய அளவுகோலை இன்றும் மருத்துவமனைகளில் பயன்படுத்துகிறார்கள். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் இரண்டு வயது வரையான குழந்தைகளுக்காக 17 வரிகளில் ஒரு சோதனை அட்டை தயாரித்தது. ஒரு ஸ்கேலை நட்டுக்குத்தாக வைத்தால், குழந்தையின் வயதுக்கு இடப்பக்கம் முடிகிற திறன்களில் எது இன்னும் வரவில்லை என்று சில நிமிடத்தில் தெரிந்துவிடும். சுகாதாரப் பணியாளர் யாரும் கற்றுக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த கருவி அதுதான். விலை உயர்ந்த பெட்டியில் வரும் பொம்மைகளும் பொத்தான்களும் அதற்குத் தேவையில்லை.

மலைக்கென்று பார்க்க வேண்டியவையும் உண்டு. டென்வரில் செய்த ஓர் ஆய்வில், தவழும் வயதைக் குளிர்காலத்தில் எட்டிய குழந்தைகள் மற்றவர்களைவிடச் சில வாரம் தாமதமாகவே தவழ்ந்தார்கள். கனமான உடுப்பு, குளிர்ந்த தரை, தூக்கியே வைத்திருப்பது ஆகியவை காரணமாக இருக்கலாம். டிசம்பரில் எமரால்டு பக்கம் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுச் சால்வையில் சுற்றிய ஒன்பது மாதக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். உறைபனி இறங்கிய சிமெண்டுத் தரையில் அதை இறக்கிவிட யாருக்கு மனம் வரும்? அட்டவணையை நீட்டும் முன் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அப்படி எடுக்கப் பழக்குவதுதான் இந்தப் பட்டம் என்பேன்.

வீட்டில் படுகு, பால்வாடியில் தமிழ், அப்புறம் கான்வென்ட்டில் இங்கிலீஷ். பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகும் என்கிறார்களே?

படிப்பைப் பற்றிய கேள்வி இல்லை. ஆனாலும் படுகர் ஊர்களான ஹட்டிகளில் எல்லாம் கேட்கிறார்கள், இந்தப் படிப்பில் நேரடியாகப் பதில் உள்ள விஷயமும் கூட.

இரண்டு மூன்று மொழி காதில் விழுவதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. பல மொழிக் குழந்தைக்கு ஒரு மொழியில் மட்டும் சொற்களை எண்ணினால் குறைவாகத் தோன்றும். படுகில் தெரிந்தது, தமிழில் தெரிந்தது எல்லாவற்றையும் கூட்டி எண்ண வேண்டும். ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியைக் கலப்பதும் குழப்பம் இல்லை, பெரியவர்களும் அப்படித்தானே பேசுகிறோம். இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்து எந்த மொழியிலும் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை என்றால் மட்டும் மொழியைக் காரணம் சொல்லிக் காத்திருக்காதீர்கள். முதலில் காதைப் பரிசோதியுங்கள்.

சில பள்ளிகளில் ‘வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள்’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். அரைகுறை ஆங்கிலத்தில் மூன்று சொல் பேசுவதைவிட, அம்மாவுக்கு நன்றாக வரும் மொழியில் முப்பது சொல் பேசுவது குழந்தைக்கு லாபம். இருளர், குறும்பர், பணியர் வீட்டுப் பிள்ளைகள் முதல் வகுப்பில் மௌனமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ‘மந்தம்’ என்று முத்திரை குத்துவதும் இதே கோளாறுதான். அந்தப் பிள்ளைக்குப் பள்ளியின் தமிழே இரண்டாவது மொழி.

செய்முறைப் பயிற்சியை ஊரிலேயே செய்யலாமா?

செய்யலாம். என்னைக் கேட்டால் அதற்கு மலையைவிட நல்ல இடம் இல்லை.

முதலில் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கடைசிக் கண்ணி அது. சத்துணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புவது, தாய்மாருக்குச் சுகாதாரக் கல்வி என்று ஆறு வேலைகளை ஒரே அறையில் செய்கிறார்கள். ஒரு வாரம் அங்கே உட்கார்ந்தால், எடை பார்க்கும் பதிவேட்டில் ஒரு குழந்தையின் கோடு எப்போது சரிந்தது, அந்த மாதம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று இரண்டையும் சேர்த்துப் படிக்கப் பழகிவிடுவீர்கள்.

அடுத்தது எஸ்டேட் கிரீச். தொழிலாளர்கள் அதிகமாக இருக்கும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் கட்டாயம் என்பது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் காலத்திலிருந்தே உள்ள விதி. காலையில் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுவிட்டு, இடைவேளையில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பல இடங்களில் வருடக்கணக்காக ஒரே ஆயாதான் இருப்பார். தாயிடமும் ஆயாவிடமும் ஒரே குழந்தை எப்படி வேறு வேறு விதமாக நடந்துகொள்கிறது என்று பாருங்கள், பிணைப்புப் பாடம் முழுக்க அதில் இருக்கும். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக வந்த டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில், பாட்டி கண்டியிலும் பேத்தி கூடலூரிலும் வளர்ந்த கதைகள் கிடைக்கும். தலைமுறை மாற்றம் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டுமென்றால் வேறு எங்கும் போக வேண்டாம்.

மூன்றாவது, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் நான்கையும் பிறப்பிலிருந்து 18 வயது வரை கண்டுபிடித்து இங்கே அனுப்புகிறார்கள். குழந்தை மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் எல்லாரும் ஒரே குழந்தையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரியும். கல்லூரிக் கடிதத்தோடு போங்கள்.

பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் நீலகிரியில் இருக்கின்றன. நூறு வருடத்துக்கும் மேலாக நோட்டும் கேமராவுமாக ஆட்கள் தோடர் குடியிருப்பான மந்துக்கு வந்து போகிறார்கள். நீங்களும் போய்ப் பத்துக் கேள்வி கேட்டுவிட்டு மறைந்து போனால் அது அவர்களுக்குப் பழகிப் போன அவமரியாதை. பெரியவர்களிடம் அனுமதி கேளுங்கள், குழந்தையின் பெயரையும் படத்தையும் வெளியிடாதீர்கள், கண்டுபிடித்ததை அவர்களிடமே திரும்பப் போய்ச் சொல்லுங்கள். எங்கே போனாலும் குழந்தை துன்புறுத்தப்படுவது தெரிய வந்தால் சும்மா இருக்கக் கூடாது. பாலியல் வன்முறை என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிவிப்பது கட்டாயம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மனப்பாடமாக வைத்திருங்கள்.

மாண்டிசோரி அம்மையார் கொடைக்கானலில் இருந்தாராமே, நிஜமா?

நிஜம். 1939இல் ஜார்ஜ் அருண்டேல் அழைத்து அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்தார். அப்போது அவருக்கு 69 வயது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆனார்கள். மகன் மாரியோவைக் காவலில் வைத்தார்கள், அம்மையாரை வெளியே போகவிடவில்லை. அவருடைய எழுபதாவது பிறந்தநாளான ஆகஸ்ட் 31 அன்று மகனை விடுவித்தார்கள். 1942 முதல் ஏறக்குறைய இரண்டு வருடம் கொடைக்கானலில் தங்கி, பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துச் சின்னப் பள்ளி ஒன்றை நடத்தினார். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கான அவருடைய ‘பிரபஞ்சக் கல்வி’ உருவான இடம் அதுதான். சோலைக்காட்டில் பாசி, பூச்சி, கல், ஓடை என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்ததற்கு அதில் பங்கு உண்டு. கொடைக்கானல் சுற்றுலாப் பட்டியலில் தற்கொலைப் பாறைக்கு இடம் உண்டு, இதற்கு இல்லை. என்ன செய்ய!

அப்படியானால் ஒரு வருட மாண்டிசோரி டிப்ளமா போதாதா?

நர்சரி ஆசிரியை ஆவது மட்டும் குறிக்கோள் என்றால் போதும். யார் தருகிறார்கள் என்று விசாரித்துச் சேருங்கள், மூன்று மாதத்தில் சான்றிதழ் தரும் கடைகள் பெருகிவிட்டன. திருமணமாகி வீட்டில் இருந்தே படிக்க வேண்டியவர்களுக்கு இக்னோவின் முன்பருவக் கல்வி டிப்ளமா பல வருடமாக இருக்கிறது, பாடப் புத்தகங்களும் நன்றாக இருக்கும். ஆனால் டிப்ளமாவை வைத்து முதுகலைக்கோ, பட்டம் கேட்கும் அரசுப் பதவிக்கோ போக முடியாது.

படித்துவிட்டு என்ன வேலை?

இங்கே கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். இந்த இளநிலைப் பட்டம் தனியாக நின்று எந்தத் தொழில் உரிமத்தையும் தராது. அது வாசல். இரண்டாவது படி எது என்று இரண்டாம் வருடமே முடிவு செய்துவிடுங்கள்.

அரசு வேலை என்றால் மனதில் வைக்க வேண்டியது குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பதவி. டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வைக்கிறது. வட்டாரத்தின் அங்கன்வாடிகள் எல்லாம் அவர் பொறுப்பு. அறிவிக்கைகளில் மனையியல் பட்டம் இடம்பெற்று வந்திருக்கிறது, ஆனால் உங்கள் சான்றிதழில் உள்ள பாடப்பெயர் அந்தப் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் இரண்டு படிப்பும் சமம் என்று காட்டும் இணைச் சான்று வாங்க அலைய வேண்டிவரும். அந்த அலைச்சலில் வாய்ப்பை விட்டவர்களை எனக்குத் தெரியும். அங்கன்வாடிப் பணியாளர் வேலைக்குப் பட்டம் கேட்பதில்லை.

சிறப்புக் குழந்தைகளோடு வேலை செய்ய ஆசை என்றால், பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருட பி.எட். சிறப்புக் கல்வி. இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு செய்யாமல் சிறப்புக் கல்வியாளராகவோ மருத்துவ உளவியலாளராகவோ தொழில் செய்வது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சென்னை முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பல்குறைபாட்டு நிறுவனத்தில் இந்தப் படிப்புகள் உண்டு. மலையில் இப்படிப் பதிவு பெற்றவர்கள் தேவையைவிடக் குறைவு. வாரம் இரண்டு முறை சிகிச்சைக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறும் அம்மாக்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பேச்சு சிகிச்சையாளர் ஆக வேண்டும் என்பவர்கள் இங்கேயே நின்று திரும்புங்கள். அதற்கு +2 முடித்ததும் நேராகச் சேரும் பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற தனிப் படிப்பு இருக்கிறது. மனித மேம்பாடு முடித்துவிட்டு அந்தப் பக்கம் தாவ முடியாது.

மற்றபடி குழந்தைகள் நலனுக்கான தொண்டு நிறுவனங்கள், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம், பள்ளி ஆலோசகர், பாடப்புத்தகம், பொம்மை, குழந்தை நிகழ்ச்சித் தயாரிப்பு. சொந்தமாக ப்ளே ஸ்கூல் தொடங்குபவர்களும் உண்டு. அதில் குழந்தை வளர்ச்சியைவிட வாடகையும் வேன் டீசலும்தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

சம்பளம்?

தனியார் இடங்களில் தொடக்கம் சின்னதுதான். ஐ.டி. போன அண்ணனோடு ஒப்பிட்டால் வருத்தம்தான் மிஞ்சும். முதுகலையோ பதிவோ சேர்ந்த பிறகு நிலைமை மாறும்.

உளவியலா, மனித மேம்பாடா, எதை எடுக்க?

மருத்துவ உளவியலாளர் ஆக ஆசை என்றால் யோசிக்காமல் உளவியல். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, அதன் சாப்பாடு, அதன் குடும்பம் எல்லாம் சேர்ந்து வேண்டும் என்றால் மனித மேம்பாடு. உளவியல் பாடம் வயது வந்தவரின் மனதில் அதிக நேரம் செலவிடும்.

இன்னொன்று: ‘அஞ்சல் வழியில் உளவியல் முடித்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உளவியல், ஊட்டச்சத்து போன்ற உடல்நலம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் புதிதாகத் தருவதற்கு 2025இல் யு.ஜி.சி. தடை போட்டுவிட்டது.

பையன்கள் படிக்கலாமா?

தாராளமாக. சிக்கல் எங்கே என்றால், நல்ல மனையியல் கல்லூரிகள் பல பெண்களுக்கு மட்டுமானவை. பையன்களுக்கு காந்திகிராம் போல இருபாலர் நிறுவனங்களோ, உளவியல், சமூகப்பணி வழியோதான் நடைமுறையில் வாய்க்கும். சிறப்புப் பள்ளிகளில் ஆண் ஆசிரியர்களை விளக்கு வைத்துத் தேடுகிறார்கள். உறவினர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

தமிழ் மீடியத்தில் படித்தவள். சமாளிக்க முடியுமா?

பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். முதல் செமஸ்டர் சிரமப்படும். ஆனால் களத்துக்குப் போனதும் நிலைமை தலைகீழாகிவிடும். ஆங்கிலத்தில் கோட்பாட்டை ஒப்பிப்பவரால் ஓர் ஆயாவிடம் பத்து நிமிடம் பேச முடியாது. உங்களால் முடியும். படுகோ, இருளமோ, மலையாளமோ கூடுதலாகத் தெரிந்தால், உங்கள் கவனிப்புக் குறிப்பை வேறு யாராலும் எழுத முடியாது.

செலவுக்கு உதவி உண்டா?

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 முதல். பையன்களுக்கு அதே தொகை தமிழ்ப்புதல்வன் திட்டத்தில், 2024 முதல். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் கல்வி உதவித்தொகைகள் தனி. வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று மே மாதமே பார்த்துவிடுங்கள்.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

அரசு கலைக் கல்லூரிகளுக்கு +2 முடிவை ஒட்டி ஒரே இணையதளத்தில், டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. என்ற பெயரில், விண்ணப்பம் திறக்கும். சி.யு.இ.டி. என்ற தேசியப் பொது நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கும் நிறுவனங்களுக்கு இது ஒத்துவராது. அந்த விண்ணப்பம் +2 முடிவு வருவதற்கு வெகு முன்பே முடிந்துவிடும், முடிவு வந்த பிறகு கேட்டால் ஒரு வருடம் போச்சு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்டேட் லைனில் இருப்பவர்களுக்கு முகவரிச் சான்றில்தான் இழுபறி வரும். அதை முன்கூட்டியே வி.ஏ.ஓ.விடம் முடித்துவிட்டால், கலந்தாய்வு அன்றைக்கு வரிசையிலிருந்து திரும்பி வர வேண்டியிருக்காது.